பனிக்கடியில் முல்லைத்திணை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நிறைவு விழாக்களில் பேசுவோர் கடந்த ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பதே வழக்கம். அப்பணியை எனக்கு முன்னே பேசியோர் செவ்வனே செய்துவிட்டனர். எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'இளவேனிலும் கவிதையும்' என்பது. அதன் ஒரு சிறு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இலையுதிர் காலத்தில் நாம் மண்ணுள் ஊன்றும் பூங்கிழங்குகள் இளவேனிலில் முளைத்தெழும்வரை காத்திருக்கிறோமே, அந்தக் காத்திருப்பில் ஓர் இன்பம் உண்டு. அது எத்தகைய இன்பம், எங்கிருந்து வருகிறது, கவிதை எழுதுவோர்க்கு அதனால் ஆவது என்ன என்பனவே என் பேச்சு.

தொடங்கும்போதே ஒரு தடை குறுக்கே நிற்கிறது. 'காத்திருத்தல்' என்பது இந்த அவையிலுள்ள பலர்க்கும் இனிய சொல் அன்று. அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தோர் இங்கே இருக்கின்றனர். மனைவி மக்களை அழைத்துக்கொள்ள ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் இருக்கின்றனர். ஊரிலிருந்து வரவேண்டிய ஒரு தொலைபேசி அழைப்புக்காக இரவெல்லாம் விழித்திருந்தோரும் இருக்கின்றனர். 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சித் தெருவோரத்தில் பந்தலிட்டு அமர்ந்தனர். அப்போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அமர்ந்த பெற்றோருள் பலர் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அறியாமலே கண்மூடினர். அந்தத் தாய்மாரை நெஞ்சில் வைத்துக்கொண்டு 'காத்திருத்தல் இன்பம்' என்று பொதுப்படச் சொல்ல எவர்க்கும் நா எழாது. எனக்கும் எழவில்லை.

ஆகையால் காத்திருத்தலை முதலில் வகைப்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. தொல்காப்பியம் கூறும் உரிப்பொருள் ஐந்தனுள் இருத்தலை முல்லைக்கும் இரங்கலை நெய்தலுக்கும் உரியனவாக நம் உரைமரபு வகுத்தது. இரண்டு திணையிலும் தலைவி காத்துத்தான் இருக்கிறாள். பின் எதற்கு இரண்டு பெயர்? முல்லையில் தலைவன் ஒரு பருவத்தைக் குறித்துவிட்டுப் போகிறான். கார் தொடங்கும்போது மீள்வேன் என்பது அவன் சொல். அந்தச் சொல்லே அவளுடைய காத்திருப்புக்குக் கரை. நெய்தல் தலைவி கடற்கரையில் நிற்கிறாள். ஆனால் அவள் துயருக்குக் கரை தெரிவதில்லை. குறித்த பருவம் உள்ள காத்திருப்பு இருத்தலாகிறது. குறித்த பருவம் அற்ற காத்திருப்பு இரங்கலாகிறது. கிளிநொச்சிப் பந்தலில் இருந்தது இரங்கல். நான் இன்று பேச வந்தது இருத்தல் பற்றி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் முன்னவர்களுக்கு அநீதி இழைத்தவர்களாவோம்.

இனிக் கிழங்குக்கு வருவோம். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் கிழங்கு என்றே சொல்கிறோம். தாவரவியல் நூலோர் ரியூலிப், டஃபொடில், ஸ்னோட்ரொப் முதலியவற்றின் அடிப்பகுதியைக் குமிழம் என்பர். குரோக்கஸ் பூவினுடையதைக் கந்தம் என்பர். குமிழம் என்றால் என்னவென்று அறிய நம் சமையலறைக்குப் போனால் போதும். வெங்காயம் ஒரு குமிழமே. உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்று வெங்காயத்தை இகழ்வது நம் வழக்கம். ஆனால் ஒக்ரோபர் மாதத்தில் நல்லதொரு ரியூலிப் குமிழத்தை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். செதில்களுக்கு நடுவே, விரல்நுனி அளவுக்கும் குறைவாக, இதழும் மகரந்தத் தாளும் சூலகமும் கொண்ட முழுப் பூ ஒன்று உட்கார்ந்திருக்கும். முந்திய கோடையிலேயே அது உள்ளே உருவாகிவிட்டது. ஆக, நாம் ஊன்றுவது பூவை ஆக்கவல்ல ஒரு பொருளை மட்டும் அன்று. உருவாகி முடிந்த பூவையே மண்ணுள் ஒளித்துவைக்கிறோம்.

ஊன்றும் முறை எளிது. குமிழத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேல் நோக்க வைத்து மண்ணிட்டு மூட வேண்டும். ரியூலிப்புக்கு ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் ஆழம். நிலம் உறையுமுன் அது கீழே வேர்விட்டுக்கொள்ளும். அதன்பின் நாம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அணிலுக்கு அஞ்சலாம், அவ்வளவுதான். இராமர் தடவிய மூன்று கோடுகள் இல்லாத இந்நாட்டு அணில், ரியூலிப்பையும் குரோக்கஸையும் தேடித் தோண்டித் தின்னும். டஃபொடிலில் நஞ்சு இருப்பதால் அதைத் தொடுவதில்லை.

இங்கே குளிர்காலத்தின் பணி என்னவென்று பார்க்க வேண்டும். குளிர் பூவுக்குப் பகை, இளவேனில் வந்து அதை மீட்கிறது என்றே நாம் நினைக்கிறோம். உண்மை அவ்வாறு அன்று. ரியூலிப் குமிழத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் குளிர் வேண்டும்; வெப்பம் 9 பாகை செல்சியசுக்கு மேற்படாது இருத்தல் நன்று. அந்தக் குளிரில்தான் உள்ளே சேமித்த மாப்பொருள் சர்க்கரையாக உடைகிறது. தண்டு நீள்வதற்கான ஆயத்தம் நிகழ்கிறது. குளிர் கிடைக்காத குமிழம் குட்டையான தண்டோடு நின்றுவிடும், அல்லது மொட்டு உள்ளேயே கருகிவிடும். அதனால்தான் வெப்ப நாடுகளில் ரியூலிப் வளர்ப்போர் குமிழங்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வாரக்கணக்கில் வைத்து எடுக்கின்றனர். குளிரை விலைகொடுத்து வாங்குகின்றனர் என்று சொல்லலாம். நமக்கோ அது வாசலில் வந்து குவிகிறது. குவிந்த பனியும் குமிழத்துக்குப் போர்வையே. மேலே காற்று எவ்வளவு கடுமையாயினும் பனிக்கடியில் மண்ணின் வெப்பம் அவ்வளவு தாழ்வதில்லை.

நம் கவிதைகளை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கிறேன். நாம் எழுதியவற்றுள் பலவற்றில் பனி என்றால் சாவு. பனி என்றால் தனிமை. பனி என்றால் கைம்பெண்ணின் வெள்ளைச் சேலை. வந்த புதிதில் அவ்வாறு தோன்றியது இயல்பே. அத்துயர் பொய்யன்று. ஆனால் அதே உவமை பத்தாண்டு, இருபதாண்டு மாறாமல் நிற்கும்போது, நாம் பனியைப் பார்த்து எழுதுகிறோமா, முன்னைய கவிதையைப் பார்த்து எழுதுகிறோமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒருமுறை கிழங்கு ஊன்றியவர்க்கு அந்த உவமை முன்போல் வாய்க்காது. பனி பெய்யும் இரவில் அவர் நினைப்பது, கீழே வாரங்கள் எண்ணப்படுகின்றன என்பதே.

பருவத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெப்ரவரியில் சில நாள் பனி உருகும்; வெயில் அடிக்கும்; இளவேனில் வந்துவிட்டதென்று மனம் துள்ளும். அடுத்த வாரமே மீண்டும் உறையும். இதை அறிந்தவர்க்கு ஒரு பழைய துறை நினைவுக்கு வராமல் போகாது. கார் வந்தும் தலைவன் வரவில்லையெனத் தலைவி கலங்குகிறாள். தோழியோ, இது பருவம் அன்று, மழை காலம் தவறிப் பெய்தது, அதைக் காரென்று மயங்கிப் பூத்தவை அறிவில்லாத மரங்கள் என்று தேற்றுகிறாள். 'பருவம் அன்று' என்று அவள் வற்புறுத்துவது அன்பினால் சொல்லும் பொய். ரொறன்ரோவின் பெப்ரவரியில் அதே சொல் மெய்யாகிவிடுகிறது. ஆயினும் இங்குள்ள குமிழங்கள் கொன்றையைப்போல் எளிதில் மயங்குவன அல்ல. குளிரின் கணக்கு நிறையாமல் ஒருநாள் வெயிலுக்காக ரியூலிப் தண்டு நீட்டாது. முந்திவிட்ட இலைநுனி சற்றுக் கருகினாலும் மொட்டு கீழே காப்பாக இருக்கும். தோழி தலைவிக்குச் சொன்னதைக் கிழங்கு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது.

பின்னர் மெய்யான பருவம் வரிசையாக வரும். மார்ச் இறுதியில், பனி முற்றும் நீங்குமுன்னே, ஸ்னோட்ரொப் தலைகவிழ்ந்து நிற்கும். உறைந்த மண்ணைத் துளைப்பதற்கென்றே அதன் இலைநுனி தடித்திருக்கும். அதையொட்டிக் குரோக்கஸ். ஏப்ரலில் ஸில்லா புல்வெளிகளை நீலமாக்கும். அம்மாத இறுதியில் டஃபொடில். மே மாதத்தில் ரியூலிப். இந்த வரிசையை அறிந்தவர்க்குக் காத்திருப்பு ஒன்றன்று; ஒன்று முடிய ஒன்று தொடங்கும் ஐந்தாறு காத்திருப்புகள். எங்கே எதை ஊன்றினோம் என்பதை மறந்துபோவதும் இன்பத்தின் ஒரு பகுதியே. நாமே ஒளித்துவைத்த பொருள் நமக்கே பரிசாகக் கிடைக்கிறது.

இந்த இன்பம் எதனால் ஆனது? மூன்று கூறுகள் எனக்குப் புலப்படுகின்றன. முதலாவது, செய்ய வேண்டியது செய்தாயிற்று. இரண்டாவது, இனி நம் முயற்சியால் அதை விரைவுபடுத்த முடியாது; ஆகவே முயலாமை குறித்த குற்ற உணர்வும் இல்லை. மூன்றாவது, நடப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நடந்துகொண்டே இருக்கிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் காத்திருப்பு வேறு பொருளாகிவிடும். ஊன்றாமல் காத்திருப்பது சோம்பல். இடையில் தோண்டிப் பார்ப்பது பதற்றம்.

காத்திருப்பு பேராசையானதும் உண்டு. 1636ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒல்லாந்தில் கிழங்குகள் மண்ணுள் கிடக்க, அவற்றின்மீதான உறுதிச் சீட்டுகள் மதுச்சாலைகளில் கைமாறின. பூவைக் காணாமலே விற்றவரிடம், கிழங்கைக் காணாமலே வாங்கினர். 1637 பெப்ரவரியில் விலை சரிந்தது. பூக்கும் பருவம் வருமுன்னே வாணிகம் முடிந்துபோயிற்று. மண்ணுள் இருந்த கிழங்கு இவை ஒன்றையும் அறியாமல் உரிய காலத்தில் பூத்திருக்கும் என்பதே அந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி.

அதே நாட்டின் வேறொரு குளிர்காலத்தை இங்கே நினைவுகூர்வது கடமை. 1944-45இல் நாற்சிப் படைகளின் பிடியிலிருந்த மேற்கு நெதர்லாந்தில் உணவு அற்றுப்போயிற்று. 20,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மக்கள் ரியூலிப் குமிழங்களை வேகவைத்து உண்டனர். வருகிற இளவேனிலை உலையில் இட்டு உண்ண நேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். நாட்டின் பெரும்பகுதியை 1945இல் கனடியப் படையினர் மீட்டனர். அப்போரின் காலத்தில் இளவரசி ஜூலியானா ஒட்டாவாவில் அடைக்கலம் பெற்றிருந்தார். அவர் மகள் மார்கிரீட் 1943 ஜனவரி 19 அன்று ஒட்டாவா மருத்துவமனையொன்றில் பிறந்தார். குழந்தை நெதர்லாந்துக் குடியாக மட்டுமே பிறக்கவேண்டி, அந்தப் பிரசவ அறைகள் கனடிய ஆள்புலத்துக்குப் புறம்பானவை என்று இந்நாட்டு அரசு அறிவித்தது. 1945 இலையுதிர் காலத்தில் நன்றிப் பரிசாக 100,000 குமிழங்கள் ஒட்டாவாவுக்கு வந்து சேர்ந்தன. கிழங்கைத் தின்று உயிர்பிழைத்த நாடு, அதே ஆண்டில் கிழங்கைக் கொடையாக அனுப்பியது. பசி தீர்ந்ததற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. பரிசு ஆண்டுதோறும் தொடர்ந்தது. 1953இல் ரியூலிப் விழாவாயிற்று. அவ்விழாவை முன்மொழிந்தவர் ஒளிப்படக் கலைஞர் மலாக் கார்ஷ். ஆர்மீனியக் குடும்பத்தில், துருக்கிய மண்ணிலுள்ள மார்டின் நகரில் பிறந்து கனடாவுக்கு வந்தவர் அவர்.

பூவும் அவ்வாறே வந்தேறியதுதான். ரியூலிப்பின் தாயகம் ஒல்லாந்து அன்று. நடு ஆசியாவின் மலைப்பகுதிகள். துருக்கியரின் தோட்டங்கள் வழியாக ஐரோப்பாவுக்குள் வந்தது. லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் குளூசியஸ் ஊன்றியவை 1594இல் பூத்தன. இன்று நெதர்லாந்து என்றதும் உலகம் நினைப்பது அந்த வந்தேறிப் பூவை. எவரது மண் எது என்ற வினாவுக்கு, ஊன்றி வேர்விட்டுக் குளிரைத் தாங்கிப் பூத்த மண்ணே என்று அது விடை சொல்வதாகக் கொள்ளலாம். ஆனால் இந்த மண்ணுக்கு முன்னரே உரியதாய் ஒரு பூ இருந்தது என்பதையும் மறவாதிருப்போம். ஒன்ராறியோ 1937இல் தன் சின்னமாக ஏற்ற வெள்ளை ட்ரில்லியம், காட்டு நிழலில் மட்டநிலத்தண்டிலிருந்து எழுவது. எறும்புகள் அதன் விதையைச் சுமந்து பரப்புகின்றன. விதை விழுந்து முதற்பூ மலர ஏழாண்டுக்கு மேலும் ஆகும். நாம் ஊன்றிய கிழங்கின் ஆறு மாதக் காத்திருப்பை அதன்முன் வைத்தால் நாணமே உண்டாகும்.

காத்திருப்பில் மிகக் கடினமான ஓர் இடம் உண்டு. இளவேனில் வருவது உறுதி. அதைக் காண நாம் இருப்போமா என்பது உறுதியன்று. 'நியூ யோர்க்கர்' இதழின் ஆசிரியர்களுள் ஒருவராய் நெடுங்காலம் பணியாற்றியவர் கதரின் வைட். அவர் 1977இல் மறைந்தபின், தோட்டம் பற்றிய அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து 1979இல் நூலாக்கினார் கணவரான எழுத்தாளர் ஈ. பி. வைட். முன்னுரையில் ஒரு காட்சியை அவர் விவரிக்கிறார். முதுமையும் நோயும் வாட்டிய காலத்திலும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒருநாள் குறித்து, தோட்டத்தில் நாற்காலியிட்டு அமர்ந்து, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் குமிழம் எங்கே என்று சொல்லி ஊன்றச் செய்வாராம் அந்த அம்மையார். தம் முடிவு நெருங்குவதை அவர் அறிவார். இருந்தும் வரவிருக்கும் இளவேனிலுக்காக ஊன்றச் செய்தார். முல்லைக்கும் அப்பாற்பட்ட ஒரு நிலை இது. முல்லையில் காத்திருப்பவளுக்காகவே பருவம் வருகிறது. இங்கே பருவம் வரும், காத்திருந்தவர் இல்லாவிடினும் வரும் என்று அறிந்தே ஊன்றுகிறார். பூ தமக்கு என்ற நிலையிலிருந்து பூ பூக்கட்டும் என்ற நிலைக்குக் காத்திருப்பு உயர்ந்துவிடுகிறது.

கவிஞர்களே, உங்களிடம் சொல்ல எனக்கு இரண்டே செய்திகள்.

முதலாவது, பெயரும் காலமும் பற்றியது. ஆங்கிலம் படித்த நம் முன்னோர் வேர்ட்ஸ்வொர்த்தின் டஃபொடில் கவிதையை மனப்பாடம் செய்தனர். 1802 ஏப்ரலில் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அவர் கண்ட பூ அது. கவிதை 1807இல் அச்சேறியது. யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் அதை ஒப்பித்த மாணவர் ஒருவரும் அப்பூவைக் கண்டிலர். அது பிறர் நம்மீது சுமத்திய வறுமை. இன்று பூ நம் வாசலில் நிற்கிறது; நம் கவிதையில் 'வசந்தம் வந்தது, மலர்கள் பூத்தன' என்றே இருக்கிறது. இது நாமே தேடிக்கொண்ட வறுமை. சங்கப் புலவர் 'ஏதோ ஒரு பூ' என்று எழுதியவர் அல்லர். எது எந்நிலத்தில் எப்பொழுதில் மலரும் என்று அறிந்து எழுதினர். அந்த அறிவே திணையாயிற்று. இந்நிலத்தின் கருப்பொருளை நாமும் அவ்வாறு அறிந்துகொண்டால், முல்லையை இங்கே கொண்டுவர முல்லைப் பூ தேவைப்படாது.

இரண்டாவது, விரைவு பற்றியது. எழுதிய அன்றே அரங்கேறும் காலம் இது. கைப்பேசியில் எழுதி, அடுத்த நொடியில் அனுப்பி, அதற்கடுத்த நொடியில் பாராட்டைப் பெறுகிறோம். அதில் தவறில்லை என்போர் இருக்கலாம். ஆயினும் குளிர் பெறாத குமிழத்தின் குட்டைத் தண்டை நினைவில் வையுங்கள். உள்ளே பூ முழுமையாகத்தான் இருந்தது. குறைந்தது சில வாரக் குளிர் மட்டுமே. எழுதியதை ஒரு பருவம் இழுப்பறையில் வைத்திருப்பது கவிதையைக் கைவிடுவதாகாது. அதன் தண்டு நீள்வதற்கு இடந்தருவதாகும்.

முடிக்குமுன், பூத்தபின் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். பூ உதிர்ந்ததும் பலர் இலைகளையும் அறுத்துவிடுகின்றனர், பார்க்க அழகாக இல்லை என்று. அது செய்யலாகாது. ஏறத்தாழ ஆறு வாரம், இலை தானே மஞ்சளாகும்வரை, விட்டுவைக்க வேண்டும். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அந்த அழகற்ற இலைகளே சேர்க்கின்றன. ரியூலிப்பில் இன்னும் ஒரு புதுமை: நாம் ஊன்றிய குமிழம் பூத்ததோடு தீர்ந்துபோகும், அதன் இடத்தில் சேய்க் குமிழங்கள் உருவாகியிருக்கும். மறு ஆண்டு பூப்பவை அவையே.

விழா என்பது பூ. அது இன்று நம் கண்முன் நிற்கிறது, மகிழ்வோம். நாளை முதல் நாற்காலி அடுக்குவது, அழைப்பு எழுதுவது, பத்துப்பேர் மட்டும் வரும் மழைநாள் கூட்டத்தையும் தவறாமல் நடத்துவது என்ற இலைப்பணி இருக்கிறது. அந்தப் பணியை இளையோர் கையில் ஒப்படைக்கும் பொறுப்பும் இருக்கிறது. வட்டத்தின் அடுத்த பூவை நம்முள் எவரெவர் காண்போம் என்பதை அறியோம். ஊன்ற வேண்டிய மாதம் எது என்பதை மட்டும் நன்கு அறிவோம்.